ஒப்பீட்டு மாதிரி

அறிக்கைக்குச் சுத்தமான சேறு கொஞ்சம் வேண்டும்.
அழுக்கு எவ்வளவு என்று சொல்ல
அழுக்கில்லாதது ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டுமே.
ஜுபைலுக்கு வடக்கே
மூன்று நாளாகத் தேடுகிறோம்.

ஓதம் வற்றிய நேரம்.
முழங்கால் பூட்ஸோடு நான்,
வெறுங்காலோடு ததேயு.
குளச்சல்காரர்.
எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்.
குழாய் என்று நான் வாய் திறக்குமுன்
எஃகுக் குழாயை நட்டு
மரச்சுத்தியலை ஓங்கியிருப்பார்.

உருவிப் பிளந்து வைத்தால்
மேலே விரல்கனம் பாசி, சுருங்கிய பச்சைத் தோல்.
கீழே சாம்பல் மணல், சிப்பித் தூள்.
எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது
இருபத்தெட்டாவது சென்டிமீட்டர் வரை.
அங்கே,
பேனா மூடி கழன்ற சட்டைப்பை மாதிரி
ஒரு கறுப்பு.

மோந்து பார்த்துவிட்டு,
"தொண்ணூத்தொண்ணு, சார்" என்கிறார்.
சண்டை நடந்த வருஷம். அவர் அப்போது இங்கில்லை.
வந்தது தொண்ணூற்றேழில்.
வாசனையில் வருஷம் சொல்வது
ஐந்தாறு கம்பெனிகளுக்குச் சேறு மிதித்ததில்
கால்வழி ஏறிய படிப்பு.

தானாக எண்ணெய் இவ்வளவு ஆழம் இறங்காது.
இது நண்டு தோண்டிய வளை.
குடியிருக்க, வெயிலுக்குப் பதுங்க,
கொக்கின் நிழலுக்குப் பயந்து
தோண்டித் தோண்டி அது போட்ட பாதை.
கடலோடு வந்தது
வாசலில் நின்று கேட்கவா போகிறது?
நண்டு இல்லை இப்போது.
கிளை பிரிந்த வளை மட்டும்
வார்ப்பெடுத்தது போல
அப்படியே.

இரண்டாம் நாள், நட்டு வளர்த்த அலையாத்திக்கு அருகில்.
அதுவும் இல்லை.
மூன்றாம் நாள்
வரைபடத்தில் பெயரில்லாத ஒரு கழி.
மூக்குக்கு எதுவும் படவில்லை. ததேயு தலையாட்டினார்.
அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் புதைத்து
வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை
ஊரவைத்துக் கொண்டுவந்தோம்.

பதினாறு மணி நேரம்
கரைப்பான் ஏறி இறங்கிச் சேற்றைக் கழுவியது.
பிறகு திரையில் கோடு.
பெயர் சொல்லக்கூடியவை ஊசி ஊசியாய் நிற்கும்:
நாப்தலீன், பைரீன், கிரைசீன்.
பெயர் பிரிக்க முடியாதவை எல்லாம்
அடியில் சேர்ந்து ஒரு திமில்.
எள் போட்டால் எள் விழாத கூட்டம்.
என் சுத்தமான கழியிலும் இருந்தது.
சின்னதுதான்.
ஒட்டகக் கன்றின் திமில்.

வழக்கப்படி வெற்றுப் புட்டி ஒன்றும் சோதித்தோம்.
சேறே போடாதது. படகில் திறந்து
படகிலேயே மூடியது.
அதிலும் ஒரு மெல்லிய மேடு.
எங்கள் இஞ்சின் விட்ட மூச்சு.

கழித்துவிடுங்கள் என்றார் டாக்டர் ஹனாதி.
கழிக்கச் சூத்திரம் இருக்கிறது.
படகைக் கழித்தேன்.
கையுறையை, மூடியின் ரப்பரைக் கழித்தேன்.
ஒன்றாம் தேதி வங்கியில் விழும் சம்பளத்தை
எந்தக் கட்டத்தில் கழிப்பது என்று
கேட்கவில்லை.

பட்டியலில் அந்தக் கழிக்கு எதிரே
சுத்தம் என்று தட்டினேன்.
கர்சர் அதன் வாலில் நின்று
விட்டு விட்டுத் துடித்தது.
அழித்துவிட்டு
ஒப்பீடு என்று தட்டினேன்.

இரவு, கேம்ப் குழாயடியில்
குதிகாலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் ததேயு.
சோப்புக்கு அசையாதாம்.
"எண்ணெயை எண்ணெய்தான் சார் எடுக்கும்."
காலிலிருந்து துணிக்கு வந்தது கறுப்பு.
துணியிலிருந்து வாளிக்கு.
சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று
இரண்டு பேருக்குமே தெரியும்.
வாளியைத் தூக்கியவர்
சாய்க்காமல் நின்றார்,
என்னைப் பார்த்து.